வீட்டுக்குள் பிறந்த இசை



வேலை முடிந்து வீடு திரும்பிக் குளித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து வானொலியைத் திறக்கிறோம். பாட்டு வருகிறது. பாடுகிறவரின் குரல் முன்னே நிற்கிறது. பின்னால் வயலின்கள். அடியில் தபேலா. எங்கோ தூரத்தில் ஒரு புல்லாங்குழல். ஒன்றையொன்று மறைக்காமல் எல்லாம் நம் காதுக்கு வந்து சேர்கின்றன. இவ்வளவும் ஒரு சிறிய பெட்டிக்குள் எப்படி அடங்கின?

நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளக்காரர் பக்கத்தில் நின்றால் பாட்டு காதில் விழாது. பத்து அடி தள்ளி நின்றால் பாட்டும் கேட்கும், உறுமியும் கேட்கும். வேண்டிய இடத்தில் போய் நின்று நாமே ஒலியைச் சரிசெய்துகொள்கிறோம். ஆனால் இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ வரும் பாட்டைக் கேட்பவர் அப்படி நகர முடியாது. எது முன்னே, எது பின்னே, எது உரக்க, எது மெல்ல என்பதை வேறு ஒருவர் அவருக்காக முன்கூட்டியே முடிவுசெய்து வைக்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஒலிக்கலவை என்று பெயர். ‘மிக்சிங்’ என்ற ஆங்கிலச் சொல்லையே நாம் பேச்சில் பயன்படுத்துகிறோம்.

இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலர் கணினியில், ஏன், கைப்பேசியிலேயே இசை அமைத்து ஒலிக்கலவையும் செய்து பார்க்கிறார்கள். பெற்றோருக்கு அது வெறும் சத்தமாகப் படுகிறது. பிள்ளைகளோ, “இன்னும் நல்ல கருவி இருந்தால் முடித்திருப்பேன்” என்று சொல்லிப் பாதியில் விட்ட பாட்டுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். இந்த இரு தரப்பாருக்கும் சொல்ல வரலாற்றில் சில செய்திகள் இருக்கின்றன. மாளிகை போன்ற ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறந்த இசையைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நாம் இன்று வண்டிக் கொட்டகையிலும், சூளையிலும், குளியலறையிலும் பிறந்த இசையைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் அமெரிக்காவுக்குப் போவோம். லெஸ் பால் என்ற கிதார்க் கலைஞர் 1915-ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1940-களில் ஹாலிவுட்டில் இருந்த தம் வீட்டுக் கார்க் கொட்டகையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கிக்கொண்டார். அவருக்கு இந்த எண்ணம் எப்படி வந்தது தெரியுமா? ஒரு நாள் அவருடைய தாயார், “உன்னை வானொலியில் கேட்டேன்” என்றாராம். ஆனால் அன்று அவர் வாசிக்கவே இல்லை. தம்மைப் போலவே வாசிக்க இன்னொருவர் வந்துவிட்டார் என்பது அவருக்கு உறைத்தது. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத இசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எண்ணி, தமக்கென்று ஓர் ஒலியைத் தேடிக் கொட்டகைக்குள் புகுந்ததாகப் பின்னாளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்போது ஒலிநாடா பரவலாகவில்லை. இசைத்தட்டில்தான் பதிய வேண்டும். தட்டு வெட்டும் இயந்திரத்தைக்கூட ஒரு காடிலாக் காரின் சக்கரப் பாகத்தைக் கொண்டு அவரே செய்துகொண்டார். ஒரு தட்டில் கிதாரைப் பதிவார். அதை ஓடவிட்டு, அதனோடு சேர்ந்து இன்னொரு பகுதியை வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டில் பதிவார். இப்படி ஒருவரே எட்டுக் கிதார்ப் பகுதிகளை வாசித்துச் சேர்த்த ‘லவ்வர்’ என்ற இசைத்தட்டு 1948-இல் வெளிவந்தது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்குப் பாட்டு எடுத்தவர்களுக்கு அது தெரியும். நகலின் நகலை எடுத்தால் பாட்டு மங்கிக்கொண்டே போகும், இரைச்சல் கூடிக்கொண்டே வரும். லெஸ் பாலின் முறையிலும் முதலில் பதிந்தது மிகவும் மங்கிவிடும். கடைசியில் பதிந்ததுதான் தெளிவாக நிற்கும். ஆகவே அவர் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டார். பாட்டில் எது குறைந்த முக்கியம் உடையதோ அதை முதலில் பதிவார். எது உயிரானதோ அதைக் கடைசிக்கு வைப்பார். அப்படியானால் முதல் சுரத்தை வாசிப்பதற்கு முன்பே முழுப் பாட்டும் அவர் மனத்தில் அமைந்திருக்க வேண்டும் அல்லவா? கருவியின் குறையே அவருக்கு முன்யோசனையைக் கற்றுக்கொடுத்தது.

1948 ஜனவரியில் ஒரு கார் விபத்தில் அவருடைய வலக்கை நொறுங்கியது. இனி அந்தக் கையை மடக்கி நீட்ட முடியாது என்ற நிலையில், கிதார் வாசிப்பதற்கு ஏற்ற கோணத்தில் அதைப் பொருத்திவிடும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். பிறகு 1949-இல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஒலிநாடாக் கருவியைப் பரிசளித்தார். அதில் இன்னொரு பதிவுமுனையைப் பொருத்தி, முன்பு தட்டில் செய்ததை லெஸ் பால் நாடாவிலே செய்தார். ஆனால் புதிய பகுதியைச் சேர்க்கும்போது பழைய பதிவு அழிந்துவிடும். பத்தாவது பகுதியில் ஒரு பிழை நேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அவரும் அவர் மனைவி மேரி ஃபோர்டும் இப்படி வீட்டிலேயே பதிந்த ‘ஹவ் ஹை த மூன்’ என்ற பாட்டு 1951-இல் அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

அடுத்து இங்கிலாந்து. டாஃப்னி ஓரம் என்ற பெண்மணி 1925-இல் பிறந்து, 1943-இல் பி.பி.சி. வானொலியில் ஒலித்துறைப் பணியில் சேர்ந்தவர். இசைக் கருவியே இல்லாமல் மின்சாரத்தால் ஒலி எழுப்பி இசை அமைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பகலில் அதற்கு இடமில்லை. ஆகவே நிலையத்தின் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு, வெவ்வேறு அறைகளில் இருந்த ஒலிப்பதிவுக் கருவிகளை ஓர் அறைக்கு நகர்த்தி, இரவெல்லாம் வேலை செய்து, விடிவதற்குள் அவற்றைப் பழைய இடங்களிலேயே வைத்துவிடுவார். இத்தகைய முயற்சிகளின் பயனாக 1958-இல் பி.பி.சி.யின் மின்னொலிப் பட்டறை தொடங்கப்பட்டபோது, அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் மறு ஆண்டே அவர் அந்த வேலையை விட்டார். தாம் விரும்பிய இசைக்கு அங்கே போதிய இடம் இல்லை என்று கண்டார். கென்ட் மாவட்டத்தில் ஒரு பழைய சூளையைத் தம் வீடாகவும் கூடமாகவும் ஆக்கிக்கொண்டார். பீர் தயாரிப்பில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களை உலர்த்துவதற்காகக் கட்டிய சூளை அது. நம் தோட்டங்களில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கொட்டகை இருந்ததல்லவா, ஏறத்தாழ அதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அவர் ஒரு விந்தையான இயந்திரத்தை உருவாக்கினார். சினிமாப் படச்சுருளின் மேல் மையால் கோடுகளும் வடிவங்களும் வரைவார். சுருள் ஓடும்போது ஒளியுணர் கருவிகள் அந்தக் கோடுகளைப் படித்து ஒலியாக மாற்றும். அதாவது கையால் வரைந்த கோடு காதால் கேட்கும் இசையாகும். இந்த ஆராய்ச்சிக்கு 1962-இல் குல்பென்கியன் அறக்கட்டளை உதவித்தொகை வழங்கியது.

ஆயினும் உதவித்தொகை மட்டும் வயிற்றுக்குப் போதாது. விளம்பரங்களுக்கும் திரைப்படங்களுக்கும் ஒலி அமைத்துக் கொடுத்துத்தான் அவர் வாழ்க்கை நடத்தினார். பிழைப்புக்கு ஒரு வேலை, உள்ளத்துக்கு ஒரு வேலை என்று இரண்டையும் ஒரே கூரையின் கீழ் செய்துவந்தார். 2003-இல் அவர் மறைந்தபோது அவர் பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. இன்றோ அவருடைய இயந்திரம் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சொத்து.

இனி மீண்டும் அமெரிக்கா, டெட்ராயிட் நகரம். கார் தொழிற்சாலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். அங்கே கார் பாகங்கள் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவர் பெர்ரி கார்டி என்ற கறுப்பின இளைஞர். அவர் குடும்பத்தார் மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு கூட்டுச் சேமிப்பு நடத்தி வந்தார்கள். நாம் கூட்டுப் பிடிப்பதைப் போல என்று சொல்லலாம். 1959 ஜனவரியில் அந்தச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி அவர் இசைத்தட்டுத் தொழிலைத் தொடங்கினார். அதே ஆண்டில் ஒரு சாதாரண வீட்டை வாங்கிக் குடும்பத்தோடு மாடியில் குடியேறினார். அந்த வீட்டின் பின்பகுதியே கூடமாயிற்று. உலகம் முழுதும் புகழ்பெற்ற மோட்டவுன் நிறுவனம் அந்த வீட்டில்தான் வளர்ந்தது.

அங்கே ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கலவை செய்த பாட்டைப் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்துவிட மாட்டார்கள். கார் வானொலியில் இருக்கும் ஒலிபெருக்கியைப் போன்ற ஒரு சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பார்கள். ஏனென்றால் அந்த ஊர்த் தொழிலாளியும் அவர் பிள்ளையும் பாட்டைக் கேட்பது அப்படித்தான். அந்தச் சிறு கருவியில் குரல் தெளிவாக வரவில்லையானால் கலவை சரியில்லை என்று பொருள். எந்தப் பாட்டை வெளியிடுவது, எதை விடுவது என்பதையும் வெள்ளிக்கிழமைதோறும் கூடிப் பேசி வாக்கெடுத்து முடிவுசெய்தார்கள். தம் பாட்டு தள்ளுபடி ஆவதைத் தாங்கிக்கொள்ளவும் ஒரு பயிற்சி வேண்டும் அல்லவா?

இப்போது கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன ஜமைக்காத் தீவுக்கு வருவோம். தலைநகர் கிங்ஸ்டனில் ஏழைகள் வாழும் பகுதிகளில், பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு ஆடிக் களிப்பது வழக்கம். 1941-இல் பிறந்த ஆஸ்போர்ன் ரடக் என்பவர் அந்த ஊரில் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்தவர். ஊரார் அவரைக் கிங் டப்பி என்று அழைத்தார்கள். அவரும் சொந்தமாக ஓர் ஒலிபெருக்கிக் குழு நடத்தினார்.

1960-களின் கடைசியில் அங்கே ஒரு நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்வார்கள். ஒரு பாட்டைத் தட்டில் வெட்டும்போது தவறுதலாகக் குரல் விடுபட்டுப் போயிற்று. வாத்தியம் மட்டுமே இருந்த அந்தத் தட்டை ஆட்டக் களத்தில் போட்டால், மக்கள் குரலின் இடத்தைத் தாங்களே பாடி நிரப்பினார்கள், கூட்டம் குதூகலித்தது. தட்டு வெட்டும் பணியில் இருந்த கிங் டப்பி இதன் பொருளை நன்றாகப் புரிந்துகொண்டார். ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகப் போவதில்லை. கேட்பவன் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

1970-களின் தொடக்கத்தில், பெரிய கூடம் ஒன்று கழித்துவிட்ட நான்கு தடக் கலவைப் பலகையை வாங்கி, வாட்டர்ஹவுஸ் பகுதியில் தம் தாயாரின் சிறு வீட்டில் பொருத்தினார். தடம் என்றால் என்ன? ஒரே ஒலிநாடாவில் நான்கு வரிசைகள். ஒன்றில் தாளம், ஒன்றில் பாஸ் கிதார், ஒன்றில் மற்ற வாத்தியங்கள், ஒன்றில் குரல் என்று தனித்தனியே இருக்கும். அந்த வீட்டில் ஒரு வாத்தியக் குழு முழுதும் நிற்க இடம் கிடையாது. ஆகவே வேறு கூடங்களில் பதிந்த நாடாக்கள்தான் அங்கே வரும். பாடகர் நின்று பாடுவதற்கு இருந்த இடம் குளியலறை!

கிங் டப்பி நான்கு குமிழ்களில் கைகளை வைத்துக்கொண்டு நாடாவை ஓடவிடுவார். திடீரென்று குரலை நிறுத்துவார். தாளமும் பாஸ் கிதாரும் மட்டும் நடந்துகொண்டிருக்கும். பிறகு ஒரே ஒரு சொல்லை மட்டும் திறந்துவிட, அது எதிரொலித்து எதிரொலித்துத் தேய்ந்து மறையும். இப்படி ஒரே பாட்டிலிருந்து பல பாட்டுகள் பிறந்தன. ‘டப்’ என்று அந்த இசைமுறைக்குப் பெயர் வந்தது. வாத்தியம் ஏதும் வாசிக்காத ஒருவர், கலவைப் பலகையையே வாத்தியமாக்கினார். பழுதுபார்க்கும் தொழிலில் பெற்ற அறிவால் கருவிகளைத் திறந்து, தமக்கு வேண்டியவாறு மாற்றிக்கொள்ளவும் செய்தார்.

மரம் வெட்டியவர்களுக்கு இந்தக் கலை எளிதில் விளங்கும். கத்தி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்படும். எவ்வளவு எடுப்பது என்பது கைக்குத் தெரிய வேண்டும். அது நாள்தோறும் வெட்டுவதால் மட்டுமே வருவது. கிங் டப்பியின் கைக்கும் அப்படித்தான் வந்தது. நாளும் பொழுதும் நாடா வந்துகொண்டிருந்தது. அவரும் நாளும் பொழுதும் கலந்துகொண்டிருந்தார். வார இறுதியில் தெருவில் ஆடுகிறவர்கள் அதற்குத் தீர்ப்புச் சொன்னார்கள். 1989 பிப்ரவரியில் அவர் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார் என்பது மிகவும் வருந்தத்தக்க செய்தி.

அவரிடம் தொழில் கற்ற லாய்ட் ஜேம்ஸ் என்பவர் பிரின்ஸ் ஜாமி என்று பெயர் பெற்றவர். 1985-இல் வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் நோயல் டேவி என்ற நண்பரும் ஒரு சிறிய காசியோ கீபோர்டை அவரிடம் கொண்டுவந்தார்கள். வீட்டில் பொழுதுபோக்காக வாசிப்பதற்கென்று செய்யப்பட்ட மலிவான கருவி அது. அதற்குள் ஏற்கனவே பதிந்துவைத்த தாளம் ஒன்று இருந்தது. ஜாமி அதன் வேகத்தைக் குறைத்து, அதன்மேல் பாட்டைக் கலந்தார். ‘ஸ்லெங் டெங்’ என்ற அந்தத் தாளத்தின் மேல் பின்னர் நூற்றுக்கணக்கான பாட்டுகள் அமைக்கப்பட்டன. ஜமைக்காவின் இசையே கணினித் தாளத்துக்கு மாறிற்று.

அந்தத் தாளத்தை அமைத்தவர் யார்? ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் படித்தபோது ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். 1980-இல் காசியோ நிறுவனத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, தம் முதல் பணியாகச் செய்தவற்றில் ஒன்று அந்தத் தாளம். அவர் நேசித்த இசை, அவர் கைவழியே, ஒரு மலிவான பெட்டிக்குள் புகுந்து பிறந்த நாட்டுக்கே திரும்பிச் சென்றது. அதை அமைத்தவர் அவர்தான் என்பது உலகத்துக்குத் தெரிய நெடுங்காலம் ஆயிற்று.

இதற்கிடையில் வீட்டு இசைக்கு இன்னொரு வாசல் திறந்திருந்தது. நமக்கெல்லாம் பழக்கமான கேசட் நாடாவை 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. 1979-இல் ஜப்பானின் டீயக் நிறுவனம் அந்தச் சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைப் பதியும் கருவியைக் கொண்டுவந்தது. மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தாம் வாடகைக்கு இருந்த வீட்டில் அதை வைத்துச் சில பாட்டுகளைப் பதிந்தார். தம் குழுவினருக்கு மாதிரி காட்டுவதற்காகச் செய்த பதிவு அது. உறைகூட இல்லாத அந்தக் கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு பெரிய கூடத்தில் குழுவினரோடு அதே பாட்டுகளை மறுபடி பதிந்தபோது, கேசட்டில் இருந்த உயிர் அவற்றில் வரவில்லை. முடிவில் அந்தக் கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டார்கள்.

அதே 1982-இல் பம்பாயிலும் ஒருவர் புதுமுயற்சி செய்தார். சரண்ஜித் சிங் என்பவர் இந்தித் திரைப்படப் பாட்டுகளுக்கு வாத்தியம் வாசித்தவர். ரோலண்ட் நிறுவனத்தின் புதிய மின்னிசைக் கருவிகளை வீட்டில் வைத்துப் பழகி, தபேலாவை நீக்கிவிட்டு, தாள இயந்திரத்தின் மேல் பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக்கினார். நாம் மோகனம், இந்தோளம் என்று அறிந்த இராகங்கள் வடநாட்டில் பூபாலி, மால்கௌன்ஸ் எனப்படும். அவையும் அதில் உண்டு. தட்டு விற்கவில்லை. ஏறக்குறைய மறந்தே போயிற்று. 2010-இல் அது மறுபடி வெளியானபோதுதான், அமெரிக்காவில் 1980-களின் பிற்பகுதியில் புகழ்பெற்ற நடன இசையின் ஒலி அதற்கு முன்பே பம்பாயில் கேட்டிருக்கிறது என்று உலகம் வியந்தது. தள்ளாத வயதில் அவர் மேடையேறி வாசித்தார். 2015-இல் காலமானார். இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்த பாராட்டு அது. நல்ல வேலைக்கு உடனே கூலி கிடைக்கும் என்று வரலாறு வாக்குக் கொடுப்பதில்லை. இதையும் நாம் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கடைசியாக நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டு. சென்னையில் 1967-இல் பிறந்த ஏ.ஆர். ரகுமான் ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். தந்தை ஆர்.கே. சேகர் திரையிசைத் துறையில் இருந்தவர். அவர் விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. சிறு வயதிலேயே வாத்தியம் வாசித்துச் சம்பாதிக்க வேண்டிய நிலை. பள்ளிப் படிப்பும் பாதியில் நின்றது. 1989-இல் அவர் தம் வீட்டை ஒட்டிக் கொல்லைப்புறத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். விளம்பரங்களுக்கு இசை அமைத்துக்கொண்டே, ஒலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கலந்து பார்த்துப் பழகினார். இரவுதான் அவருடைய வேலை நேரம். 1992-இல் ‘ரோஜா’ வெளிவந்தது. முதல் படத்திலேயே தேசிய விருது. நம் நாட்டிலும் எத்தனை வீடுகளில் அந்தக் கேசட் தேயத் தேய ஓடியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். அந்தப் பாட்டுகளின் ஒலி புதிதாக இருந்ததற்குக் காரணம், அந்தக் கொல்லைப்புறக் கூடத்தில் மூன்றாண்டுகள் ஓசையின்றி நடந்த பழக்கமே.

நேயர்களே, இத்தனை பேருடைய வரலாற்றிலிருந்தும் நாம் தொகுத்துக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் சில உண்டு.

முதலாவது, எது முக்கியம் என்பதை முன்கூட்டித் தீர்மானிப்பது. லெஸ் பாலுக்கு நாடாவின் குறை அதைக் கட்டாயமாக்கியது. இன்றைய கணினியில் நூறு தடங்கள் கிடைக்கின்றன. எதையும் எப்போதும் மாற்றலாம். அதனாலேயே எதையும் தீர்மானிக்காமல் காலம் கழிகிறது.

இரண்டாவது, எடுத்துவிடும் துணிவு. குரல் சரியாகக் கேட்கவில்லையானால் குரலைக் கூட்டுவதற்கு முன், அதை மறைப்பது எது என்று பார்த்து அதைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போனால் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்ற கதையாகிவிடும்.

மூன்றாவது, கேட்பவர் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்டுப் பார்ப்பது. விலையுயர்ந்த ஒலிபெருக்கி இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. அடுப்படியில் இருக்கும் பழைய வானொலியில் கேளுங்கள். அடுத்த அறையில் நின்று கேளுங்கள். இரவு செய்ததைக் காலையில், காது ஓய்ந்திருக்கும்போது, மெல்லிய ஒலியில் கேளுங்கள். நேற்று நன்றாக இருந்தது இன்று நன்றாக இல்லாமல் போகலாம். அப்படித் தெரிவது நல்லதற்கே.

நான்காவது, முடித்து மற்றவர் காதுக்குக் கொடுப்பது. கிங் டப்பிக்குத் தெரு இருந்தது. மோட்டவுனுக்கு வெள்ளிக்கிழமை இருந்தது. நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? நாம்தான் இருக்கிறோம்.

பெற்றோர்களிடம் நாம் வேண்டிக்கொள்வது இதுவே. பிள்ளை செய்த இசை நமக்குப் பிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உட்கார்ந்து ஒருமுறை முழுதாகக் கேட்டு, “குரல் கேட்கவில்லை, மேளம் அதிகம்” என்று நமக்குப் பட்டதைச் சொன்னாலே போதும். லெஸ் பாலின் தாயார் இசை மேதையல்லர். தம் காதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். டெட்ராயிட்டில் ஒரு குடும்பம் சீட்டுப் பணத்தைக் கொடுத்தது. கிங்ஸ்டனில் ஒரு தாய் வீட்டில் இடம் கொடுத்தார். அவர்களும் நம்மைப் போல உழைத்துப் பிழைத்தவர்களே.

பிள்ளைகளிடம் சொல்லவும் ஒன்று உண்டு. படிப்பையும் பிழைப்பையும் விட்டுவிடச் சொல்லவில்லை. டாஃப்னி ஓரம் இரவில் கருவிகளை நகர்த்தினார். ரகுமான் விளம்பர வேலைக்கு நடுவே பழகினார். நாளுக்கு ஒரு மணி நேரம், கையில் இருக்கும் கருவி, தொடங்கியதை முடிப்பது என்ற உறுதி ஆகிய மூன்றும் இருந்தால் போதும். முடிக்காத இருபது பாட்டுகள் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்காததை, முடித்த ஒரு பாட்டு கற்றுக்கொடுக்கும்.

இன்றிரவு வானொலியில் பாட்டு வரும்போது, குரலுக்குப் பின்னால் நிற்கும் அந்தப் புல்லாங்குழலைச் சற்றுத் தேடிக் கேளுங்கள். அதை அந்த இடத்தில் நிறுத்தி வைத்த ஒருவருடைய காதும் கையும் உங்களுக்கு அப்போது தெரியும். பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள்.